நாற்பது நொடி

மேனகாவின் கடைக்கு முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும், மெக்கானிக் எப்போது வருவார் என்றுதான் கேட்பார்கள். அவள் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, வந்தாச்சு, உட்காருங்கள் என்பாள். சாரம் பகுதியில் ஒரு மாவு மில்லுக்கும் ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் பத்தடிக்கு எட்டடி அறை அது. அவளுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு முறை பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு முறையும் பேச்சு, கல்யாணத்துக்குப் பிறகு கடை எதற்கு என்ற இடத்துக்கு வந்தது. அங்கேயே நின்றுபோனது.

பாகூர்ப் பக்கம் நெல் போடுகிற குடும்பம். மோட்டாருக்கு எந்நேரம் கரண்ட் வரும், எந்நேரம் போகும் என்று அப்பா கலியமூர்த்தி கொட்டகையில் காத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள். அதனாலோ என்னவோ, மின்சாரம் வீணாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, ஃபோன் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனது. இவள் போகவில்லை. சொந்தமாகக் கடை போட்டாள்.

பேட்டரி மாற்ற வருகிறவர்களில் பலரை, மாற்ற வேண்டாம் என்று சொல்லியே திருப்பி அனுப்புவாள். எந்த ஆப் தெரியாமல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த வெளிச்சம் யாரும் பார்க்காதபோதும் எரிகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடி அணைப்பாள். மதியத்தில் செத்துப்போகிற ஃபோன் அதன் பிறகு இரவு வரை ஓடும். ரெட்டியார்பாளையத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். ஜெராக்ஸ் கடை ராஜ்கமல் அவளுக்கு ‘சார்ஜ் அக்கா’ என்று பெயர் வைத்தார். அவர் அவளைவிட எட்டு வயது மூத்தவர். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

தனிஸ்லாஸும் அவர் மனைவி ஸ்டெல்லாமேரியும் அப்படிக் கேள்விப்பட்டுத்தான் ஜூலை மாதம் ஒரு காலையில் வந்தார்கள். அவருக்கு அறுபத்தெட்டு வயது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்று ஸ்டெல்லாமேரி சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் சார்பில் மற்றதையும் அவளே சொன்னாள். இரண்டு பேரும் பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவர் தறி, அவள் நூல் சுற்றும் பிரிவு. மகள் ஜாஸ்லின் கல்யாணமாகி பிரான்சில் இருக்கிறாள். அப்பா பேசுவதற்கென்று அவள்தான் அந்த ஃபோனை அனுப்பியிருந்தாள்.

புத்தகம் போலத் திறக்கிற ஃபோன். உள்ளே ஒரு திரை, முதுகில் ஒரு திரை. அவர் உள்ளே தட்டுவது வெளித் திரையில் பெரிய எழுத்தில் தெரியும். எதிரே நிற்கிறவர் படித்துக்கொள்வார்.

“தறி ஓடற சத்தத்துல முப்பது வருஷம் கத்திக் கத்திப் பழகுனவரு,” என்றாள் ஸ்டெல்லாமேரி. “வீட்டுல உப்பு கேட்டாகூட தெருமுனை வரைக்கும் கேக்கும். இப்ப எழுதறாரு. எழுத்துல பாத்தா மரியாதப்பட்ட மனுஷனாட்டம் இருக்காரு.”

அவர் தடித்த விரலால் மெதுவாகத் தட்டி, ஃபோனை மேனகாவின் பக்கம் நீட்டினார். ‘இவ பேச்சுல பாதிய எனக்குக் குடுத்திருக்கலாம் கடவுள்’ என்றிருந்தது. மேனகா வாய்விட்டுப் படித்தாள்.

“பாதி போதுமாமா?” என்று சிரித்தாள் ஸ்டெல்லாமேரி. இன்னும் ஏதோ சொல்லப் போனவளை, உள்ளங்கையை உயர்த்திக் காட்டி அவர் நிறுத்தினார். தறி ஓடுகிறது, கிட்டே வராதே என்பதற்கு ஆலையில் அப்படித்தான் கை காட்டுவார்கள் என்று அவள் மேனகாவுக்கு விளக்கினாள். காது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் பேசுகிறவரின் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்ட பழக்கம்.

ஃபோனில் தொல்லை இரண்டு. இரண்டு திரையும் சேர்ந்து எரிவதால் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு மனிதர் ஊமை. அடுத்து, பேசத் தொடங்குவதற்குள் நாலு இடத்தில் தொட வேண்டியிருக்கிறது. மேலே ஓடும் சின்னச் சின்னப் படங்களில் எதையாவது தெரியாமல் தொட்டுவிட்டு, எங்கோ போய்ச் சிக்கிக்கொள்கிறார்.

மேனகா இரண்டு நாள் அந்த ஃபோனோடு உட்கார்ந்தாள். வெளித் திரையில் பின்னணி முழுவதையும் கறுப்பாக்கினாள். அந்த வகைத் திரையில் கறுப்பு என்றால் அந்த இடத்தில் விளக்கே எரியவில்லை என்று பொருள். எழுத்துக்கு மட்டும் மின்சாரம் போனால் போதும். சட்டைப் பையில் உரசும்போதெல்லாம் வெளித் திரை விழித்துக்கொண்டிருந்தது. அதனால் தொட்டால் எழுந்திருக்கும் வசதியை எடுத்துவிட்டாள். உள்ளே இருந்த சின்னங்களையும் மொத்தமாகத் துடைத்தாள். வெளித் திரை எரிகிறதா இல்லையா என்று காட்டுகிற குட்டிப் படமும் அவற்றோடு போனது. திறந்தால் எழுதும் இடம், அதன் கீழே, எழுதி வைத்ததை எடுக்க ஒரு பொத்தான். வேறு ஒன்றுமில்லை.

கடைசியாக ஒரு விதி எழுதினாள். கடைசி எழுத்தையோ அந்தப் பொத்தானையோ தட்டியதும் வெளித் திரை கொஞ்ச நேரம் எரியும், பிறகு தானாக அணைந்துவிடும். அடுத்த எழுத்தைத் தட்டினால் மறுபடி எரியும். எவ்வளவு நேரம் எரியட்டும் என்று ஸ்டெல்லாமேரியைக் கேட்டாள்.

“அவரு என்ன கதையா எழுதப் போறாரு? ரெண்டு வார்த்த.”

இருந்தாலும் மேனகா அவளை ஒரு வரி படிக்கச் சொல்லிப் பார்த்தாள். ஸ்டெல்லாமேரி பைக்குள் துழாவிக் கண்ணாடியை எடுத்தாள், முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டாள், ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை ஓட்டி உதடு அசையப் படித்தாள். இருபத்தெட்டு நொடி ஆனது. அதில் பாதி கண்ணாடிக்குப் போனது. மேனகா தாராளமாக நாற்பது நொடி வைத்தாள். விதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வெளித் திரை எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்று ஃபோனே குறித்துக்கொள்ளும்படியும் செய்தாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் இருவரும் சும்மா எட்டிப் பார்த்தார்கள். இரவு ஒன்பது வரைக்கும் சார்ஜ் தாங்குகிறதாம். வைத்திக்குப்பத்தில் மீன் பேரம்கூட ஃபோனில்தான் நடக்கிறதாம். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது, விரலைக் காட்டு என்று மீன்காரம்மா சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஸ்டெல்லாமேரி, பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாக இப்படித்தான் என்றாள்.

அக்டோபர் முதல் வாரம் மாவு மில் சுவரில் ஸ்டெல்லாமேரியின் முகம் இருந்தது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. மேனகா பார்த்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கணையத்தில் கட்டி, கண்டுபிடித்த மூன்றாவது வாரமே முடிந்துவிட்டது என்று ராஜ்கமல் சொன்னார்.

அதே மாதக் கடைசியில் தனிஸ்லாஸ் தனியாக வந்தார். மேனகா ஏதோ ஆறுதல் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு ஃபோனைத் திறந்து தட்டினார். ‘ஒரு கடுதாசி எழுதி வெச்சிருக்கேன். பிரிண்ட் எடுத்து லேமினேஷன் பண்ணணும். கல்லறத் திருநாளுக்கு அவ சிலுவையில மாட்டணும்.’

எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தரட்டுமா என்று கேட்டாள். படி என்று சைகை செய்தார். பிறகு தட்டினார்: ‘ஆஸ்பத்திரியில இப்படித்தான் புடிச்சேன். முழுசும் படிச்சா. அவ படிச்சுட்டா. இனி யாரு படிச்சா என்னா.’

பொத்தானைத் தொட்டு ஃபோனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

‘ஸ்டெல்லா, உன் அண்ணன் உன்ன மறக்கல,’ என்று தொடங்கியது. ‘எம்பத்தாறுல அந்துவான் எழுதுன லெட்டரு மில்லு விலாசத்துக்கு வந்துச்சு. நம்ம ரெண்டு பேரையும் பிரான்சுக்குக் கூப்பிட்டான். தாளெல்லாம் வெச்சு அனுப்பியிருந்தான். மச்சான் வீட்டுச் சோத்த திங்கணுமான்னு நான் மறைச்சேன்.’

அடுத்த வரிக்கு அவர் விரலால் தள்ளுவதற்குள் எழுத்துகள் மறைந்தன. கறுப்புக் கண்ணாடியில் மேனகாவின் முகம் தெரிந்தது.

அவர் ஃபோனை அசைக்கவில்லை. உள் பக்கத்தில் அவர் முன்னால் கடிதம் பளிச்சென்றிருந்தது. கொஞ்ச நேரம் விட்டுக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஒரு தள்ளு. தள்ளுவது எழுதுவது ஆகாது என்பதால் வெளித் திரை விழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்த ஸ்டெல்லாமேரி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்கே அந்த நேரம் போயிருக்கும்.

ஏதோ நினைவு வந்தவர்போல் அவர் ஃபோனைத் தாழ்த்தித் தட்டினார். வெளித் திரை ஒளிர்ந்தது. ‘அந்துவான் பேரு வந்த எடத்துல ஸ்கிரீனத் தொட்டா. ரெண்டு தடவ, மூணு தடவ. கிட்ட கொண்டுபோனேன். மறுபடியும் தொட்டா. அப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டா.’

பிரிண்ட் எடுக்கிறேன் என்று மேனகா ஃபோனை வாங்கிக் கணினியில் இணைத்தாள். கடிதம் அச்சாகி வந்துகொண்டிருந்தது. திரை எரிந்ததையும் அணைந்ததையும் ஃபோன் எழுதி வைத்திருந்த குறிப்பை அவள் திறந்தாள். செப்டம்பர் இருபத்தொன்பது, காலை பதினொன்று பத்துக்குக் கடிதம் திறக்கப்பட்டு வெளித் திரை எரிந்திருந்தது. நாற்பது நொடியில் அணைந்திருந்தது. பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஃபோன் மூடப்பட்டிருந்தது. நடுவில் ஒரு வரியும் இல்லை.

தாளை எடுத்து மீதியைப் படித்தாள். பிறகும் இரண்டு கடிதம் வந்திருக்கிறது. பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறார். கடைசியில் இப்படி இருந்தது: ‘அண்ணன் செத்த சேதி வந்தப்ப நீ ஒரு பூசகூட வெக்கல. என்ன மறந்துட்டவனுக்கு எதுக்குன்னு கேட்ட. அப்பவும் நான் வாயத் தொறக்கல. அப்ப எனக்குக் குரலு இருந்துச்சு.’

அவள் கை தானாக அந்த விதி இருந்த இடத்துக்குப் போனது. நாற்பதை அழித்துவிட்டால் முடிந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அதற்குள் தனிஸ்லாஸ் மேசையைத் தட்டினார். கையை நீட்டினார். அவள் கொடுத்துவிட்டாள்.

‘என்னா பண்ற?’

“வெளி ஸ்கிரீன் அப்பப்ப அணைஞ்சு போவுதுங்க ஐயா. சின்னக் கோளாறு. சரி பண்ணித் தர்றேன்.”

அவர் ஒரே ஒரு சொல்லைத் தட்டி அவள் பக்கம் திருப்பினார்.

‘எப்போலேருந்து?’

பெரிய வெள்ளை எழுத்து. அது நாற்பது நொடி எரியும் என்று அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் தாராளம். அவள் நெஞ்சுக்குள் எண்ணிக்கை ஓடியது. சொன்னால் இந்த மனிதனிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று நினைத்தாள். தன் பெயர் என்ன ஆகும் என்றும் நினைத்தாள். அதையும் நினைத்தாள் என்பது பிறகு பல நாள் அவளைத் தூங்கவிடவில்லை. எழுத்து அணைந்தது.

“ஒரு வாரமா இருக்கும்,” என்றாள்.

அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தார். ஃபோனை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லேமினேஷன் செய்த தாளை வாங்கிக்கொண்டு காசை மேசையில் வைத்தார். சரி பண்ணித் தருகிறேன், ஐந்தே நிமிடம் என்று மேனகா வாசல் வரை போய்க் கேட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

மறுநாள் அவள் மூன்று ஃபோன்களைத் திறந்தாள், ஒன்றையும் முடிக்கவில்லை. சார்ஜ் அக்கா என்று ராஜ்கமல் கூப்பிட்டபோது, இனி அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றாள்.

நவம்பர் இரண்டாம் தேதி மாலை கடையைப் பூட்டிவிட்டு உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அதற்கு முன் அவள் உள்ளே போனதில்லை. வாசலில் எல்லாரும் வாங்குவதைப் பார்த்து அவளும் ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்கினாள். கல்லறைகளுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தியும் சம்பங்கியும் போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையில் ஸ்டெல்லாமேரிக்கு இன்னும் கல் கட்டவில்லை. மண்மேடு, மரச் சிலுவை, ஒரு மாலை. சிலுவையில் தாள் எதுவும் மாட்டியிருக்கவில்லை. தனிஸ்லாஸ் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபோனைத் திறந்து, அதன் முதுகை மண்மேட்டின் பக்கம் காட்டிப் பிடித்திருந்தார்.

மேனகா அவர் பின்னால் போய் நின்றாள். உள் திரையில் கடிதம் இருந்தது. அவர் ஒரு தள்ளு தள்ளுவார். சற்று நேரம் கழித்து, இருந்த இடத்திலேயே ஒரு புள்ளியைத் தட்டுவார். மறுபடி சற்று நேரம். மறுபடி ஒரு புள்ளி. வரிகளுக்கு நடுவில், சொற்களுக்கு நடுவில் எல்லாம் புள்ளி விழுந்து கிடந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தப் பக்கத்தில் திரை நாற்பது நொடி அணையாமல் இருக்கும்.

அவள் முன்னால் வந்தாள். அவர் தன் வாயைப் பார்க்கும்படி நின்றாள்.

“ஐயா, நான் பொய் சொன்னேன். ஒரு வாரம் இல்ல. நான் வெச்சுக் குடுத்த நாள்லேருந்து அப்படித்தான். அம்மாவுக்குக் காட்டுனப்பவும் அப்படித்தான்.”

அவர் தலையை அசைத்தார். கடிதத்தை மூடிவிட்டு வெறும் இடத்தில் தட்டினார்.

‘அன்னிக்கே உன் வாயி சொல்லிச்சு. வீட்டுல பீரோ கண்ணாடி எதுக்கால ஃபோன வெச்சுப் பாத்தேன்.’

அவர் மறுபடி தட்டினார். இந்த முறை நேரமானது. விரல் இரண்டு முறை தப்பான எழுத்தில் விழுந்தது.

‘அவ தட்டுனா, மேனகா. கதவத் தட்டற மாதிரி தட்டுனா. நான் அந்தப் பேரத் தொடறான்னு நெனச்சேன்.’

அவள் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மெழுகுவத்திக் கட்டு மடியில் கிடந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாளா என்பது அவளுக்கே நினைவில்லை. பக்கத்துக் கல்லறையில் யாரோ ஜெபமாலை சொல்லி முடிக்கும் வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு அவர் ஃபோனைத் திருப்பினார். ‘சார்ஜ் ஏழு காட்டுது. கடுதாசி இன்னும் பாதி இருக்கு. தாங்குமா?’

அவள் வாங்கிப் பார்த்தாள். காலையிலிருந்து இரண்டு திரையும் எரிந்துகொண்டேயிருந்திருக்கிறது. இப்படியே போனால் பத்து நிமிடம்கூட வராது.

“உங்க பக்கத்த அணைச்சுட்டா தாங்கும்,” என்றாள். “நீங்க பாக்கணுமா?”

வேண்டாம் என்று தலையாட்டினார். அவருக்கு அது மனப்பாடம்.

மேனகா அங்கேயே நாற்பது நொடி விதியை அழித்தாள். புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அம்மா எவ்வளவு மெதுவாகப் படிப்பார்கள் என்று கேட்டாள். அவர் ஒற்றை விரலைக் காற்றில் நீட்டி, ஒரு சொல்லுக்குக் கீழே இழுத்தார், நிறுத்தினார், அடுத்த சொல்லுக்குப் போனார். அந்த வேகத்தில் வரிகள் தானாக மேலே ஏறும்படி வைத்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கவா என்றதற்கு, ஆமாம் என்றார். உள் திரையை அணைத்துக் கொடுத்தாள்.

தனிஸ்லாஸ் ஃபோனைப் பழையபடி பிடித்துக்கொண்டார். அவர் பக்கம் வெறும் கறுப்பு. மண்மேட்டின் ஈரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. எந்த வரி போகிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை, சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனகா மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றினாள். ஏற்றத் தீப்பெட்டி கொண்டு வரவில்லை.

கூட்டம் கலைந்தது. காவல்காரர் வாசலைப் பூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாக வந்தார். இவர்கள் பக்கம் அவர் வந்தபோது, தனிஸ்லாஸ் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை எடுத்து, உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.